முடியோடு எடுத்த அளவு

"தலைய ஆட்டுங்க பாஸ்," என்றான் அஸ்வர்.

சுகுமாறன் மேலும் கீழும் ஆட்டினான்.

"அப்படி இல்ல. முடியாதுன்னு சொல்ற மாதிரி. வூட்டுல அக்காகிட்ட சொல்ல முடியாதத இங்க சொல்லிப் பாருங்க."

சுகுமாறன் சிரித்துக்கொண்டே இடமும் வலமுமாக ஆட்டினான். விமலா சிரிக்கவில்லை. கணவனின் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெல்மெட் நகர்ந்தபோது புருவத்துக்கு மேலிருந்த தோலும் அதோடு நகர்ந்தது. அது சரி. தோல் நிற்க, ஹெல்மெட் மட்டும் நகர்ந்தால் அது பெரிது.

அம்பாங்கானில் இருந்தது அஸ்வரின் கடை. முன்பக்கம் முழுவதும் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டுகள். காருக்கானவை பின்னறையில், உயரத்தில். உட்துணி தீப்பற்றாது. காரின் இரும்புச் சட்டத்தில் ஒரே இடம் இரண்டாம் முறை மோதினாலும் தாங்கும். போன வருஷம் வரை சுகுமாறன் இதையெல்லாம் கேட்டதில்லை. ரேஸ் டிராக்கில் பொதுமக்களுக்கு விடும் நாட்களில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு ஓட்டினான். அதுவும் ஒரு சைஸ் பெரிது. காற்று வரட்டும் என்று எடுத்தது.

கார் டயர்ச் சுவரில் மோதியபோது அந்த ஹெல்மெட் முகத்தின் மேல் திரும்பிவிட்டது. தலையின் பக்கவாட்டுப் பகுதி காரின் இரும்புச் சட்டத்தில் பட்டது. அன்று விமலா காரில் இல்லை.

"முழுசா மூடினது டிராக்குக்கு நல்லது," என்றான் அஸ்வர். "காட்டு ரோட்டுல ஓட்டுற கார் ரேலிக்கு இதான். முகம் தெறந்திருக்கும், மைக் இருக்கும். அக்கா திட்டுறது நல்லா கேக்கும்."

"வேணாம் பாஸ். கேக்காத மாதிரி ஒண்ணு குடுங்க."

விமலா தாடைப் பட்டையை இறுக்கினாள். பின்புற விளிம்பைப் பிடித்து முன்னால் இழுத்தாள். சுகுமாறனின் தலை குனிந்தது, ஹெல்மெட் கழலவில்லை. நெற்றிக்கும் பஞ்சுக்கும் நடுவில் விரலை நுழைத்துப் பார்த்தாள். நுழையவில்லை.

"இந்த முடிதானே?" என்று அஸ்வர் கேட்டான். "வெட்டப் போறீங்கன்னா வெட்டிட்டு வாங்க. இவ்ளோ சுருட்டைக்கு ஒரு சைஸ் வித்தியாசம் வரும். ஒரு ஆளு வாங்கிட்டுப் போயி ஒட்ட வெட்டிட்டு வந்து எங்கிட்ட சண்டை."

"கல்யாணத்துக்கே நான் வெட்டல. இவளக் கேளுங்க."

அஸ்வர் விமலாவைப் பார்த்தான். அவள் ஒரு கையுறையை எடுத்து அதன் தையலைப் பார்த்தாள்.

"வெட்ட மாட்டாரு," என்றாள்.

"அப்ப சரி. தலைச் சாமான் திரும்ப எடுக்க மாட்டேன் அக்கா. யாரு எங்க கீழ போட்டாங்கன்னு நமக்குத் தெரியாதுல்ல."

விமலாவின் சட்டமும் அதுதான். இரவல் ஹெல்மெட் கூடாது.

பகாவிலிருந்த வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் ஹெல்மெட் அவள் மடியில் இருந்தது. அதன் பட்டையைப் போட்டாள், கழற்றினாள், போட்டாள்.

சுகுமாறன் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தபோது அவள் மாரியம்மனிடம் பேசியிருந்தாள். எழுந்தால் அவன் முடியைக் கொடுக்கிறேன், மறுபடி அந்த ரேஸ் காடியில் ஏறுவதற்கு முன் கொடுக்கிறேன் என்று. அவன் மறுபடி ஏறுவான் என்று அப்போது நினைக்கவில்லை. ஏறாத காடிக்கு எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. அவன் எழுந்தான். காடியையும் மெக்கானிக் யோகேந்திரனின் பட்டறையில் எழுப்பி நிறுத்தினான். கிளப் ரேலிக்குப் பெயர் கொடுத்தான். இனி நான் பக்கத்தில் இல்லாமல் ஓட்டக்கூடாது என்று விமலா சொன்னாள். நான்கு வருஷமாக ரேலியில், வழியைப் படித்துச் சொல்லும் பக்கத்து இருக்கை அவளுடையதுதான். அவன் ஒப்புக்கொண்டான்.

வேண்டுதலை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் நாளைக்கே மொட்டை போடலாம் என்பான். போட்டுவிட்டால் ரேலி நிச்சயம். மழை பெய்தால் ரேலியைத் தள்ளிவைப்பார்கள். அவள் மழைக்குக் காத்திருந்தாள்.

மழை பெய்யவில்லை.

சுகுமாறன் புது ஹெல்மெட்டை வீட்டில் போட்டுக்கொண்டு திரிந்தான். பஞ்சு தலைக்குப் படிய வேண்டும். அதோடு செய்தி பார்த்தான், செடிக்குத் தண்ணீர் ஊற்றினான்.

"என்னா அண்ணே, கூரை ஒழுகுதா?" என்று பக்கத்து வீட்டுப் புனிதா வேலிக்கு மேலாகக் கேட்டாள்.

"உங்க அண்ணி சட்டி வீசுறாங்கமா."

விமலா கழுவிய தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். மேசையில் ரேலிப் பாதையின் குறிப்புகள் கிடந்தன. எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துச் சாலைகளில் மெதுவாக ஓட்டிப் பார்த்து அவள் எழுதியவை. ஒவ்வொரு வளைவுக்கும் ஓர் எண். எண் குறையக் குறைய வளைவு கூர்மையாகும். இரண்டு வரிக்கு மேல் அவளால் உட்கார்ந்து படிக்க முடியவில்லை.

புதன்கிழமை மாலை பட்டறைக்குப் போனார்கள். யோகேந்திரன் காடிக்கு அடியிலிருந்து வெளியே வந்தான். பெரிய ஆள், அதைவிடப் பெரிய தலை.

"ரெடி லா," என்றான். "ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க. பிரேக் பாருங்க."

சுகுமாறன் ஹெல்மெட்டை மாட்டினான். கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தான்.

"ஏறாத," என்றாள் விமலா.

"என்னா?"

"கால வெளிய எடு சுகு."

அவன் எடுத்தான். அவள் சொன்னாள். ஆஸ்பத்திரி, மாரியம்மன், முடி. யோகேந்திரன் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"எவ்ளோ முடி?" என்றான் சுகுமாறன்.

"எல்லாம்."

"உன் முடிய வேண்டிக்க வேண்டியதுதானே."

"பட்டது உன் தலை."

சுகுமாறன் ஹெல்மெட்டைக் கழற்றிக் காடியின் மேல் வைத்தான். "கடையில அந்த ஆளு கேட்டான். உன்னப் பார்த்துத்தான் கேட்டான்."

"ஆமா."

"ஞாயித்துக்கெழம ரேலி. முடிஞ்சதும் மொட்டை போடுறேன்."

"ஏறுறதுக்கு முன்னாடின்னு சொல்லிட்டேன். போடாம நீ ஏறினா நான் ஏற மாட்டேன்."

"போட்டா இது ஆடும். ஆடினா ஏறுவியா?"

அவள் காடியின் மேலிருந்த ஹெல்மெட்டைத் திருப்பி வைத்தாள்.

"போட்டாலும் ஏற மாட்ட, போடாட்டியும் ஏற மாட்ட. எங்க போய் நிக்கிறது நான்?"

"ஐயோ, சண்டைய வெளிய வச்சுக்கோங்க லா," என்றான் யோகேந்திரன். "காடிக்குக் கேக்குது."

வெள்ளிக்கிழமை காலை சுகுமாறன் அவளை முந்திக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பினான். கோயில் செம்பனை வரிசைகளுக்கு நடுவில் இருந்தது. பூசாரி சன்னாசி பகாவிலிருந்து முடிவெட்டுகிறவரை மோட்டாரில் ஏற்றிவந்திருந்தார். சுகுமாறன் பலகையில் உட்கார்ந்தான். முடி கற்றை கற்றையாக விழுந்தது. விமலா அருகில் நின்று விழுவதைப் பார்த்தாள். நெஞ்சு லேசாகும் என்று நினைத்திருந்தாள். ஆகவில்லை. ஒவ்வொரு கற்றை விழும்போதும் ஹெல்மெட்டுக்குள் இடம் கூடுவது தெரிந்தது. காதுக்கு மேலிருந்த தழும்பு வெளியே வந்தது. அவள் மறந்திருந்ததைவிட நீளமாக இருந்தது.

சன்னாசி சந்தனம் பூசினார். "நல்லா வெயில் படட்டும்பா. காஞ்சாதான் குளிர்ச்சி."

காயும்வரை விமலாவால் பொறுக்க முடியவில்லை. காரிலிருந்து ஹெல்மெட்டை எடுத்துவந்தாள்.

"போடு."

போட்டான்.

"ஆட்டு."

தலை திரும்பியது. ஹெல்மெட் கொஞ்சம் தாமதித்துத் திரும்பியது. பின்னாலிருந்து அவள் இழுத்ததும் அது முன்னால் சரிந்து அவன் கண்ணை மறைத்தது. உள்ளே துணியெல்லாம் சந்தனம்.

அங்கிருந்தே அஸ்வருக்குப் போன் செய்தாள்.

"வெட்ட மாட்டாருன்னு சொன்னீங்களே அக்கா."

"வெட்டல. மழிச்சாச்சு."

பின்னறையில் பார்த்துவிட்டு வருகிறேன் என்றான் அஸ்வர். பிறகு, கன்னத்துப் பஞ்சை மட்டும்தான் தடிப்பாக மாற்ற முடியும், உச்சியை மாற்ற முடியாது என்றான். சின்ன சைஸ் கோலாலம்பூரிலிருந்து அடுத்த வாரம்தான் வரும்.

பட்டறைக்கு வந்தார்கள். துண்டைச் சுற்றிக்கொண்டு போடலாம் என்றான் யோகேந்திரன். விமலா அவனைப் பார்த்தாள். அவன் மறுபடி அதைச் சொல்லவில்லை.

சுகுமாறன் வழவழப்பான தலையைத் தடவிக்கொண்டே நின்றான். "சரி. போகல," என்றான். "அடுத்த ரேலி வராமலா போயிரும்?"

அவள் கேட்க ஆசைப்பட்ட சொல் அதுதான். கேட்டுவிட்டாள்.

அவன் ஹெல்மெட்டை அலமாரியின் மேல்தட்டில் வைத்தான். அங்கே பழையதும் இருந்தது. தூக்கிப்போடச் சொல்லியும் போடாமல் வைத்திருந்தது. பக்கவாட்டில் ஒரு கீறலைத் தவிர வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே நுரை நசுங்கியிருந்தது. புதிதாக ஒன்று, பழையதாக ஒன்று, இரண்டும் ஆடுபவை. ஏதோ ஒரு சனிக்கிழமை டிராக்கைத் திறந்துவிட்டிருப்பார்கள். விமலாவுக்கு வேலை இருக்கும். சும்மா நாலு ரவுண்டு என்று அவன் கை மேல்தட்டுக்குப் போகும்.

முதலில் பழையதை எடுத்துத் தரையில் வைத்து, தாடைப் பட்டையை இரண்டு பக்கமும் அறுத்தாள். குப்பைத் தொட்டியில் போட்டாள். பிறகு தன் பையைத் திறந்து தன்னுடைய ஹெல்மெட்டை எடுத்தாள். வெள்ளை நிறம். பின்னால் அவள் பெயர் ஒட்டியிருந்தது. ஒருமுறைகூடக் கீழே விழாதது.

"குனி."

"இது உன்னோடது."

"குனி சுகு."

காதருகே இழுத்துப் பிடித்து மாட்டினாள். அவன் முகம் சுளித்தான். பட்டையை இறுக்கினாள். பின்னாலிருந்து இழுத்தாள். கழலவில்லை.

"முடியாதுன்னு சொல்லு."

அவன் தலையை ஆட்டினான். புருவத்துத் தோல் கூடவே வந்தது.

புதியதை அவள் போட்டுப் பார்த்தாள். சடையைத் தாழ்த்திப் பின்னினாள், மறுபடி போட்டாள். ஆடியது. கழற்றி யோகேந்திரனிடம் நீட்டினாள்.

"எனக்கா? என் தலைக்குப் பூசணிக்கா அளவு வேணும்."

போட்டான். அவன் கன்னங்கள் பிதுங்கின. விமலா இழுத்துப் பார்த்தாள். அவனை அசைக்க முடியவில்லை.

"ரேலியில பக்கத்துல உக்காரணும்னா கிளப் அட்டை வேணும். இருக்குல்ல உங்கிட்ட?"

"இருக்கு. ஆனா ஓடுற காடியில படிச்சா வாந்தி வரும் லா எனக்கு. போன தடவ ஞாபகம் இல்ல?"

"நீ இல்லாம ஓட்டக்கூடாதுன்னு சொன்ன," என்றான் சுகுமாறன்.

"சொன்னேன்."

சனிக்கிழமை முழுவதும் அவள் யோகேந்திரனின் லாரியை மேடுபள்ளத்தில் ஓட்டினாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்புகளைப் படித்தான். இருமுறை நிறுத்தச் சொல்லி இறங்கினான். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஏறினான்.

"ஒரு வளைவு முன்னாடியே சொல்லணும்," என்றாள். "வந்தப்பறம் சொன்னா அவனுக்கே தெரியும்."

ஞாயிறு காலை சோதனை அதிகாரி சுகுமாறனின் ஹெல்மெட்டைப் பிடித்து இழுத்தார். கழற்றச் சொல்லித் தர ஸ்டிக்கரைப் பார்த்தார். பின்னாலிருந்த பெயரை வாய்விட்டுப் படித்தார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள், ஒருவர் அவனைப் பார்த்துக் கத்தினார்.

"விமலா, மொட்டை நல்லா இருக்கு லா!"

சுகுமாறன் கும்பிட்டான். அதிகாரி அனுப்பிவிட்டார்.

விமலா பம்ப் ஹவுஸ் வளைவில் போய் நின்றாள். சிவப்பும் வெள்ளையுமாக டேப் கட்டியிருந்தார்கள். செம்பனை மட்டைகளின் கீழ் புழுதி இறங்காமல் நின்றது. முன்னால் போன காடிகளை அவள் பார்க்கவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள். சடையை முன்னால் போட்டாள், பின்னால் போட்டாள்.

அவர்கள் காடியின் சத்தம் வந்தது. அது அவளுக்குத் தெரியும்.

"நேர் நூறு," என்றாள் வாய்க்குள். "மேடு. லெஃப்ட் மூணு. வளைவ வெட்டாத, உள்ள கால்வா."

என்ஜின் சத்தம் இறங்கவில்லை.

"லெஃப்ட் மூணு," என்றாள் சத்தமாக.

என்ஜின் இறங்கியது. தாமதமாக. காடி மேட்டைத் தாண்டி வந்தது. பின்சக்கரம் கால்வாய் விளிம்பில் புல்லைப் பெயர்த்தது. சரளை மரங்களில் தெறித்தது. உள்ளே வெள்ளை ஹெல்மெட்டைப் பார்த்தாள். காடி குலுங்கியபோது ஹெல்மெட்டும் முகமும் ஒன்றாகக் குலுங்கின. அவ்வளவுதான் தெரிந்தது. புழுதி மூடிவிட்டது.

சத்தம் தோட்டத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. அவள் அது போன பக்கமாக நடந்தாள்.

"காக்! பிளாக்காங், பிளாக்காங்!" கொடி வைத்திருந்த பையன் பின்னால் போகச் சொல்லி மலாயில் கத்தினான். அவள் டேப்பைத் தாண்டியிருந்தாள்.

பின்னால் வந்தாள். டேப்பை ஒட்டியே நடந்தாள். வேகமாக நடந்தாள். அடுத்தது ரைட் ரெண்டு. பாலத்துக்கு முன்னாலேயே சொல்ல வேண்டும். சொன்னாள்.