பத்தாவது கைநாட்டு

சக்கரபாணிக்கு அமெரிக்கா போகக் கோட்டுத் தைத்தாகிவிட்டது. போவதுதான் பாக்கி. செம்மண்டலத்து மாமனார் கம்பளித் துணியாகப் பார்த்து எடுத்து, அளவு கொடுக்க மருமகனை மூன்று முறை அலையவிட்டு, அறுபத்து நாலாம் வருஷத்து ஐப்பசிப் புழுக்கத்தில் போட்டுப் பார்க்கவும் வைத்தார். மனைவி அமராவதியோ சிதம்பரத்தில் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். இனிமேல் போகாவிட்டால் வெளியில் தலைகாட்ட முடியாது.

எல்லாம் ஹாரிங்டன் துரையால் வந்த வினை. அமெரிக்காவிலிருந்து ஒரு வருஷத்துக்குப் பல்கலைக்கழகத்துக்கு வந்து, கதை எழுதுவது எப்படி என்று வகுப்பு நடத்தினார். கதை எழுதச் சொல்லித்தர ஒரு பேராசிரியரா என்று பெரியவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். நல்ல கதை எழுதுகிற ஒருவருக்கு அமெரிக்காவில் ஒரு வருஷம் படிக்க இடம் என்று அவர் சொன்னதும், சிரித்தவர்கள் தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். இங்கிலீஷ் துறையில் ட்யூட்டராக இருந்த சக்கரபாணியும் சேர்ந்தான்.

அவன் எழுதியது ஒரு மீனவன் கதை. அதன் கடைசி வரி: ‘கட்டுமரம் மெல்ல மெல்ல மூழ்கியது, கூடவே அவனும்.’ இங்கிலீஷில் அதைப் படித்துக் காட்டியபோது துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“இந்த முடிவில் ஒரு எழுத்தைக்கூடத் தொடாதே. இடம் உனக்குத்தான்” என்றார்.

ஆனால் ஒரு நிபந்தனை. எந்தெந்த நாட்டு ஜனங்கள் கதையை எப்படிக் கேட்கிறார்கள் என்பதுதான் துரையின் ஆராய்ச்சி. கதை யாரைப் பற்றியதோ அப்படிப்பட்டவர்கள் பத்துப் பேருக்கு அதைப் படித்துக் காட்டி, கட்டம் போட்ட ஒரு தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி, கார்த்திகை முதல் திங்கட்கிழமை கொண்டுவர வேண்டும்.

நம்மவன் என்ன செய்தான்? முந்தின சனிக்கிழமை வரைக்கும் கோட்டைப் போட்டுக் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாசஞ்சர் பிடித்துக் கடலூர் ஓ.டி. ஸ்டேஷனில் இறங்கி, ஓடக்கார ராஜாமணியின் படகில் எதிர்க்கரை மீனவக் குப்பத்துக்குப் போனான். ஆண்கள் எல்லாரும் கடலில். பூவம்மாள் என்பவளும் இன்னும் ஒன்பது பெண்களும் வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். சரியாகப் பத்துப் பேர்! சாமி கண் திறந்துவிட்டது என்று உட்கார்ந்து, தமிழில் எழுதியிருந்ததைக் குரலை ஏற்றி இறக்கிப் படித்தான். கடைசி வரி வந்ததும் பத்துப் பேரின் கையும் நின்றுவிட்டது.

“இன்னா படிச்ச நீ?” என்று எழுந்தாள் பூவம்மாள். “எங்க ஊட்டுக்காரு போயி ரெண்டு நாளாவுது. ஆம்பளைங்க எல்லாம் தண்ணி மேல நிக்கிறாங்க. நீ கரையில குந்திக்கினு ஒருத்தன முழுகடிக்கிறியா?”

“கதைதாம்மா…”

“கதையாவே இருக்கட்டும். மரம் போனா திரும்பி வரணும். அவன கரையேத்திட்டு எழுந்திரு. ராஜாமணி! இவரு சொல்லி முடிக்கிற வரிக்கும் படக நகத்தாத!”

அந்தக் குப்பத்து வழக்கம் அது. கட்டுமரங்கள் கடலில் இருக்கும்போது, போனவன் வரவில்லை என்று பேச்சுக்குக்கூட யாரும் சொல்ல மாட்டார்கள். தெரியாமல் யாராவது ஆரம்பித்துவிட்டால், ஆளைக் கரை சேர்க்காமல் அந்தப் பேச்சை விடவும் மாட்டார்கள். இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது, சக்கரபாணிக்குத் தெரிவதற்கு?

“சரி, நீந்தி பாண்டிச்சேரியில ஏறிட்டான்” என்றான், ரயிலுக்கு நேரமாவதை நினைத்துக்கொண்டு.

“கார்த்திகையில தண்ணி தெக்கால இழுக்கும். வடக்க எப்பிடி ஏறுவான்? பரங்கிப்பேட்டையில ஏத்து” என்றாள் ஒருத்தி.

“நீந்துவானேன்?” என்றாள் வயதான ராணியம்மாள். “கட்டுமரம் எங்கனா முழுகுமா? அது கட்டை சாமி! அத புடிச்சிக்கினு கெடந்தா தானா கரைக்கு வருது.”

பத்துப் பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். துரை கண் துடைத்த வரியைச் சக்கரபாணி குனிந்து பார்த்தான். வெட்கத்தில் காது சுட்டது. அந்த வரியை அடித்தான்; பரங்கிப்பேட்டையில் ஏற்றினான். “சோறு துன்னானா?” தின்றான் என்று எழுதினான். “எப்பிடி ஊரு வந்தான்?” பஸ்ஸில் என்று எழுதினான். எட்டாவது படித்த மலர்க்கொடி தாளை வாங்கி, எழுதியிருக்கிறதா என்று உரக்கப் படித்துப் பார்த்தாள். அதற்கப்புறம்தான், எழுதத் தெரிந்த அவளும் மற்றவர்களைப் போலவே விரலை அழுத்த, ஒன்பது கைநாட்டு விழுந்தது.

பூவம்மாள் மட்டும் கையை இழுத்துக்கொண்டாள். “எங்க ஊட்டுக்காரு கரையேறட்டும். அப்பறம் வெக்கிறேன்.”

பொழுது சாயும் வரை அவளோடு கடலைப் பார்த்து நின்றான். அவள் புருஷன் அய்யனார் வரவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

திங்கட்கிழமை காலை, துரையின் வகுப்பில் கூடப் படிக்கும் ஞானசேகரன் வழி சொன்னான். “பழைய முடிவையே டைப் அடிச்சு, கைநாட்டுத் தாளைச் சேர்த்துக் குத்திடு. குப்பத்துலேருந்து யார் வந்து பார்க்கப் போறா?”

நியாயம்தானே! சக்கரபாணி டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்தான். ‘கட்டுமரம் மெல்ல மெல்ல’ வரைக்கும் இங்கிலீஷில் அடித்தான். அதற்கு மேல் விரல் போகவில்லை. அய்யனார் கரையேறினாரோ இல்லையோ. எம்.ஏ. படித்தவனுக்குப் பயம், சுத்தமான பயம். தாளை உருவிக் கசக்கிவிட்டுப் பரங்கிப்பேட்டையையே அடித்தான்.

துரை படித்தார். “கடல் எங்கே? இந்த பஸ் எங்கிருந்து வந்தது?” என்றார். பிறகு, “ஒரு கட்டம் ஏன் காலி?” என்றார்.

சக்கரபாணி நடந்ததைச் சொன்னான். துரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, இந்தப் பக்கத்து ஜனங்களுக்குச் சந்தோஷமான முடிவுதான் பிடிக்கிறது என்று நோட்டில் குறித்துக்கொண்டு, தாளைத் திருப்பிக் கொடுத்தார். அவ்வளவுதான் ஆராய்ச்சி!

இடம் ஞானசேகரனுக்குப் போனது. அவன் கதையில் செத்தவர் பழங்காலத்து ராஜா ஒருவர். அவருக்காகச் சண்டைக்கு வர ஆளில்லை. மாமனார் தைத்துக் கொடுத்த கோட்டை இரவல் வாங்கிப் போட்டபோது, அது ஞானசேகரனுக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருந்தது என்பது தனி வயிற்றெரிச்சல்.

“ஒரு ஆளைச் சாகடிக்கக்கூடத் துப்பில்லையா உங்களுக்கு?” என்றாள் அமராவதி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாரும் அனுப்பாமலே சக்கரபாணி படகில் உட்கார்ந்திருந்தான். அய்யனார் வந்தாரா என்று ராஜாமணியைக் கேட்க வாய் வரவில்லை. பூவம்மாள் வீட்டை நோக்கி நடந்தான். வாசலில் கறுத்துப் பெருத்த ஆள் ஒருவர் பீடியும் கையுமாக வலை பின்னிக்கொண்டிருந்தார்.

“நீதான் அந்த வாத்தியாரா?” என்றார். “அன்னிக்கி நீ போன கொஞ்ச நேரத்துல கரையேறிட்டேன். ஊட்டுக்குள்ள காலு வெக்கல, கைநாட்டு வெக்கணும், ஆளு பூட்டாருன்னு ஒரே பொலம்பல்!”

சக்கரபாணி மணலிலேயே உட்கார்ந்துவிட்டான். பூவம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “தாளு எங்க?”

“அது முடிஞ்சுபோச்சும்மா. இனிமே தேவையில்ல.”

“எனக்குத் தேவ. குடு.”

தாளும் மைப்பெட்டியும் அவன் பையில்தான் இருந்தன. ஏன் எடுத்துவந்தாய் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. பத்தாவது கட்டத்தில் பூவம்மாள் கட்டைவிரலை அழுத்திவைத்தாள். அமெரிக்கா கைவிட்டுப் போனபோது வராத கண்ணீர், அந்த மை ஈரத்தைப் பார்த்ததும் அவனுக்கு வந்துவிட்டது.

அய்யனார் பீடியை அணைத்துவிட்டு நகர்ந்து வந்தார்.

“அது கெடக்கட்டும் வாத்தியாரே. அவன் பஸ்ஸுல ஊரு வந்துட்டான், சரி. பரங்கிப்பேட்டையில உட்டுட்டு வந்த மரத்த யாரு கொண்டாந்தா?”

சக்கரபாணி கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தான்.