கண்ணாடிக் கூட்டில் அமல்தாஸ்

அமல்தாஸ் குறைகிறார் என்பதை முதலில் காட்டிக்கொடுத்தது சப்பரம்தான். வில்லியனூருக்குத் தெற்கே, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே இருக்கும் அந்தக் கத்தோலிக்கப் பங்கில், திருவிழாச் சப்பரம் தூக்குகிறவர்களை உயரம் பார்த்துத்தான் ஜோடி சேர்ப்பார்கள். பதினேழு வருஷமாக முன்பக்கத்து வலது தோள் அமல்தாஸுடையது. போன வருஷம் ஆகஸ்டில் மாதா அந்தப் பக்கமாகவே சாய்ந்து சாய்ந்து வந்தாள்.

“இன்னா மாமா, அக்கா சோறு போடலியா? குள்ளமாப் பூட்டியே!” என்று இடது தோள்காரன் பாக்யராஜ் கேலி செய்தான்.

அமல்தாஸ் துண்டை நாலாக மடித்துத் தோளில் வைத்துச் சமாளித்தார். ஊர் சிரித்தது. மனைவி அன்னாமேரியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவள் பிறகு இரண்டு முறை சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாள்.

அதற்குப் பின் நடந்ததை வரிசையாகச் சொல்ல வேண்டும். செப்டம்பரில் அவர் வேட்டி தரையில் புரண்டது. கிறிஸ்துமஸுக்கு மனைவியின் தோளுக்கு வந்தார். பிப்ரவரியில் தவக்காலம் தொடங்கியபோது அவள் இடுப்புக்கு. புதுச்சேரியில் இரண்டு ஆஸ்பத்திரி, சென்னையில் ஒன்று. எல்லா உறுப்பும் ஒழுங்காக இருக்கிறது, அளவுதான் குறைகிறது என்றார்கள். இளம் டாக்டர் ஒருவர் மட்டும், “நாங்க எங்கியும் படிச்சதில்லம்மா” என்று உள்ளதைச் சொல்லித் தலையைக் குனிந்துகொண்டார்.

பையன்கள் ஜன்னல் வழியாக செல்போனில் படம் பிடிக்க வந்தபோது அன்னாமேரி ஒரு பொய் சொன்னாள்: அவரை வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. பிள்ளையில்லாத வீடு. கதவைச் சாத்திக்கொண்டால் பொய் உள்ளேயே பத்திரமாக இருந்தது.

ஜூலையில் அவர் ஒரு சாண். ஒருநாள் கோழி அவர் முதுகில் கொத்திவிட்டது. மஞ்சள் வைத்துக் கட்டிய கையோடு அன்னாமேரி கூடத்துச் சுவரில் இருந்த கண்ணாடிக் கூட்டைத் திறந்து, மாதா சுரூபத்தை ஓரமாக நகர்த்தி, பக்கத்தில் அவரை நிறுத்தினாள். கோழியும் பூனையும் எட்டாத இடம் வீட்டில் அது ஒன்றுதான்.

“நானு இன்னா சுரூபமாடி?”

“பூனை வருதுங்க. மாதா பாத்துப்பாங்க.”

“மாதாவ யாரு பாத்துக்கறது? நீதான தெனம் தூசு தட்டற.”

அவர் குரலும் சிறுத்துவிட்டது. கூட்டின் கதவில் காதை வைத்தால்தான், கொசு பாடுகிற மாதிரி, கேட்கும். அவர் முகத்துக்கு ஏற்ற கத்தி உலகத்தில் இல்லாததால் தாடி மார்பு வரைக்கும் வளர்ந்தது. தன் வெள்ளைக் கைக்குட்டையை வெட்டி அவள் தைத்த அங்கி பாதம் வரைக்கும் தொங்கியது.

அக்டோபர் ஜெபமாலை மாதம். தினம் ஒரு வீட்டில் ஜெபம். ஒன்பதாம் தேதி அவர்கள் முறை. முறை வந்தால் வேண்டாமென்று சொல்கிற வழக்கம் ஊரில் கிடையாது. அவரை மாதாவுக்குப் பின்னால் உட்காரச் சொன்னாள். ஜெபமாலையின் நாலாம் தேவ இரகசியத்தில் அவருக்குக் கால் மரத்துவிட்டது. எழுந்து முன்னால் வந்தவர், தலையைத் தூக்கிய பெண்களைப் பார்த்ததும் அப்படியே அசையாமல் நின்றுவிட்டார்.

பக்கத்துத் தெரு லில்லி கேட்டாள். “அக்கா, புது சுரூபமா? எந்த அர்ச்சிஷ்டவரு?”

அன்னாமேரி கூட்டை ஏறிட்டுப் பார்த்தாள். தாடி, அங்கி; காட்டில் தவம் செய்த புனிதர் மாதிரிதான் இருந்தார். “வனத்து அந்தோணியாரு” என்றாள்.

லில்லி முழங்காலில் நின்று, மகளுக்கு எட்டு நாளாகக் காய்ச்சல் விடவில்லை என்று அழுதாள். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. அதற்கப்புறம் அன்னாமேரியால் கதவைச் சாத்த முடியவில்லை. பெண்கள் மல்லிச் சரத்தோடு வந்தார்கள். அவர்கள் போகிறவரைக்கும் அமல்தாஸ் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

“ஒருத்தி புருசன் குடிய நிறுத்தணும்ன்றா. ஒருத்தி கொழந்த கேக்கறா. நான் இன்னாடி பண்ணுவேன்? கேட்டதெல்லாம் காதுலயே ஓடுது.” தாடியைத் தடவிக்கொண்டு, “அமல்தாஸு எப்படி இருக்கான்னு ஒருத்தியும் கேக்கலியே” என்றார்.

“கொஞ்ச நாளு பொறுத்துக்குங்க.”

“எனக்கு நாளு இருக்குதா? போன வாரம் மாதாவுக்கு இடுப்பு ஒசரம் இருந்தேன். இப்ப முழங்காலு. கரைஞ்சி போறதுக்குள்ள ஒரு தபா மனுசனா இருந்துட்டுப் போறேன்டி. இது எம் புருசன்னு சொல்லு.”

அவள் சொல்லவில்லை. சொன்னால் செல்போன்கள் திரும்ப வரும். யாராவது அவரைப் பாட்டிலில் போட்டு எடுத்துக்கொண்டு போவார்கள். அந்தப் பயத்தில் மேலும் ஐந்து நாள் போனது.

இருபத்தைந்தாம் தேதி சாயங்காலம் லில்லி தனியாக வந்தாள்.

“சாமி, எனக்குச் செஞ்சிட்டே. இனிமே ஒண்ணும் வாணாம். எங்க அமல்தாஸ் அண்ணன் வேலூர்ல கெடக்குது. கோடையில எம் மாட்டுக்குக் கரும்புத் தோகைய சும்மா குடுத்த மனுசன். அத நல்லபடியா வூடு சேத்துடு.”

கூட்டுக்குள் அவர் தோள் குலுங்கியது. கையால் முகத்தை மூடினார்.

“அந்தோணியாரு அழுவுறாரு!” என்று லில்லி தெருவுக்கு ஓடினாள்.

அரைமணியில் கூடம் நிறைந்துவிட்டது. பாக்யராஜ் பங்குச் சாமியாருக்குப் போன் போட்டான். பின்னால் நின்றவர்கள் முன்னால் தள்ள, முன்னால் நின்றவர்கள் கூட்டுக்குள் சரம் சரமாக மல்லியைத் திணித்தார்கள். பாட்டு எழும்பியது. பூவுக்கு நடுவே அவர் அன்னாமேரியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். கும்பிடவும் இல்லை, கோபிக்கவும் இல்லை.

அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

“பாட்ட நிறுத்துங்க! அது அந்தோணியாரு இல்ல. எம் புருசன். அமல்தாஸு. வேலூருன்னு சொன்னது பொய்யி.”

“பாவம், அக்காவுக்கு மனசு கலங்கிடுச்சி” என்றது ஒரு குரல்.

“வாங்க, அவங்ககிட்ட ஒரு வார்த்த பேசுங்க” என்று கூட்டுக்குள் உள்ளங்கையை நீட்டினாள். கையில் பூதான் பட்டது. பூவை அள்ளி எறிந்தாள். மாதாவைத் தூக்கி வெளியே வைத்தாள். கூடு காலி. திறந்த கதவு வழியாக ஒரு மல்லிச் சரம் தரை வரைக்கும் தொங்கியது. அதன் நுனி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

“யாரும் காலத் தூக்காதீங்க!” என்று அன்னாமேரி அலறினாள்.

அந்தக் குரலைக் கேட்டபின் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கூடம் முழுக்க ஆட்கள், எடுத்த காலை வைக்கப் பயந்து, பக்கத்தில் இருந்தவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். லில்லிதான் முதலில் தரையைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

“அமல்தாஸ் அண்ணே…”

“மாமா, எங்க இருக்க மாமா? நான் பாக்யராஜு” என்று அவன் அழுதான். பிறகு ஒவ்வொருவராக, வாசல்படியில் நின்றவர்கள் வரைக்கும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அன்னாமேரி மண்டியிட்டு சிமெண்டுத் தரையில் காதை வைத்தாள். அந்தக் கொசுக்குரல் எங்கிருந்தாவது வரும். இத்தனை பேர் கத்தினால் அது கேட்காது. சும்மா இருங்க என்று சொல்ல வாயெடுத்தாள்; மனசு வரவில்லை. ஊரே அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.