பேர் வெட்டிய கத்தரிக்கோல்

அண்ணன் சம்பந்தத்தின் நெஞ்சில் குத்தி நின்ற கத்தரிக்கோல் தீனாவுடையது. இருவரும் ஒரே கொட்டகையில் பவர்லூம் ஓட்டினார்கள். இருவரின் கத்தரிக்கோலில் எது யாருடையது என்று சண்டை வரக் கூடாதென்று பாத்திரக்கடையில் கொடுத்து, பிடியில் பேர் வெட்டி வாங்கி வந்தவனே சம்பந்தம்தான்.

சண்டை வேறு வழியாக வந்தது. ஜரிகை இழை தப்பி ஓடி வீணான ஒரு புடவைக்காகக் காலையில் வேலையாட்கள் பார்க்கச் சம்பந்தம் தம்பியைச் செருப்பால் அடித்தான். ஆட்கள் சாப்பிடப் போனதும் தீனா குத்தினான். அலறல் கேட்டு ஓடிவந்த ஆட்டோ அருள்தாஸிடம், "தவறி வுழுந்துட்டாரு" என்றான்.

அவன் ஆட்டோவில் கொண்டுபோன சேவூர் ஆஸ்பத்திரியில் கண்ணகி டாக்டரும் நர்ஸ் இளமதியும் மட்டும் இருந்தார்கள். இந்தப் பக்கத்தில் முதன்முதலாக இதயத்தைத் திறந்து தைத்தவர் கண்ணகி. களம்பூர் ஆலையில் மூட்டை தூக்கியவரின் மகள். "பொம்பளைக்கு எதுக்கு இது, பிரசவம் பாரு" என்ற பேராசிரியருக்குப் பிற்பாடு அவர்தான் வால்வு மாற்றினார். அவர் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டேன் என்ற தீனாவின் அப்பாவும் சாகும்வரை அவர் தைத்த இதயத்தோடுதான் நடமாடினார்.

நினைவிழந்து கிடந்த சம்பந்தத்தைப் பார்த்ததும் டாக்டர் சொன்னார்: "கத்தரிக்கோல் மேல எவனும் கை வெக்காதீங்க. அதுதான் ஓட்டய அடச்சிகினு இருக்குது. உருவினா போய்டுவான்."

உருவினால் அண்ணன் பேச மாட்டான். பிடியில் இருக்கும் பேரும் வெளியே தெரியாது. இரண்டும் ஒரே நேரத்தில் தீனாவுக்கு விளங்கின. டாக்டர் கை கழுவத் திரும்பினார். இளமதி ரத்தம் கேட்டு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

அவன் பிடியைப் பற்றி இழுத்தான். எலும்பில் உரசிக்கொண்டு வந்தது. ரத்தம் அவன் முகத்தில் அடித்தது. கத்தரிக்கோலைக் கைலி மடிப்பில் செருகிக்கொண்டான்.

டாக்டர் திரும்பிப் பார்த்தார். கத்தியை எடுத்து மார்பின் நடுவிலிருந்து அக்குள்வரை ஒரே இழுப்பில் கிழித்தார். விலா எலும்புகளை இரும்புக் கருவியால் நெம்பியபோது ஒன்று சுள்ளி மாதிரி முறிந்தது. இளமதி மூச்சுப் பையை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"இங்க வா," என்றார் டாக்டர்.

"நானுங்களா?"

"உருவத் தெரிஞ்ச கைக்கு அடைக்கத் தெரியாதா? ஓட்டயில வெரல வை."

வைத்தான். சூடாக இருந்தது. பொறியில் சிக்கிய எலிபோல இதயம் விரலை உதைத்தது. எடுத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும்.

"எடுத்துடலாம்னு தோணுதா?" ஊசியில் கண்ணை வைத்தபடியே டாக்டர் கேட்டார். "எடு. இந்த வாட்டி நான் பாத்துகினு இருக்கேன்."

அவன் எடுக்கவில்லை. பாசம் என்று சொல்ல முடியாது. ஒருத்தி பார்க்கிறாள், அவ்வளவுதான். ஊசி ஒருமுறை அவன் விரலையும் சேர்த்துக் குத்தியது. அசையாமல் நின்றான்.

"இப்ப எடு."

எடுத்தான். ரத்தம் வரவில்லை. துடிப்பு மெல்ல நிலைத்தது.

"மடியில இருக்கறதயும் எடு."

கொடுத்தான். டாக்டர் பிடியைத் துடைக்காமல் வெளிச்சத்தில் திருப்பிப் படித்தார்.

"பேரு யாரு வெட்டிக் குடுத்தது?"

"அண்ணந்தாங்க."

அவர் அதைத் தட்டில் வைத்து இளமதியிடம் தள்ளினார். தீனா குழாயைப் பார்த்தான்.

"கை கழுவிக்கட்டுங்களா?"

"வேணாம். போலீஸ் பாக்கட்டும். உங்க அண்ணன் பொழச்சிட்டான். பேசுவான்."