பச்சைச் சட்டை போட்ட துரை

கணப்புக்குப் பக்கத்தில் குளிர் தாங்காதவர்கள் உட்காரட்டும் கண்ணுகளா, மற்றவர்கள் கொஞ்சம் தள்ளிக்கொள்ளுங்கள். நான் சொல்லப் போவது ஒரு கொள்ளைக்காரனின் கதை இல்லை. கொள்ளைக்காரனைப் பற்றிப் புத்தகம் எழுதியவரின் கதை.

அந்தக் கொள்ளைக்காரன் யாரென்று உங்களுக்குத் தெரியும். பச்சைச் சட்டை, நீள வில், ஷெர்வுட் காடு. பேரை நான் சொல்ல மாட்டேன். அச்சடித்து அச்சடித்தே அந்தப் பேரைத் தேய்த்துவிட்டார்கள். நாட்டிங்ஹாம் சந்தையில் அவனைப் பற்றிய புத்தகங்கள் முட்டைக்கோசு மாதிரி குவிந்து கிடக்கும். ஒன்றில் அவன் பெரிய பக்திமான். இன்னொன்றில் பெண்களைக் கண்டால் தொப்பியைக் கழற்றிக் குனிகிறவன். முந்நூறு பக்கம் காட்டிலேயே குடியிருக்கிறான், ஒரு பக்கத்திலாவது அவனுக்குச் சளி பிடித்ததா என்றால் இல்லை. பக்கத்துக்குப் பக்கம் மான் கறி தின்கிறான். தோலை உரித்தது யார், குடலை எங்கே புதைத்தான் என்று ஒருவரும் எழுதவில்லை. எழுதியவர்கள் மானைத் தட்டில் மட்டும்தானே பார்த்திருக்கிறார்கள்!

இருப்பதிலேயே தடியான புத்தகத்தை எழுதியவர் எங்கள் ஹேசல்தார்ப் ஊரின் துரை, சர் எவரார்ட் ஹெல்விஸ். அதைத் தலைக்கு வைத்துப் படுத்தால் கழுத்து சுளுக்கும். பல வருஷம் பாடுபட்டு அவர் கண்டுபிடித்தது இதுதான்: காட்டுக் கள்ளன் கள்ளனே இல்லை, வேஷம் மாறிய ஒரு பிரபு. அதுவும் ஹெல்விஸ் குடும்பத்துக்கு ஏதோ ஒரு வழியில் சொந்தம்.

எங்கள் வட்டாரத்துக்கு நீதிபதியும் அவர்தான். காலையில் தம் மேசையில் உட்கார்ந்து அரசனின் மானை அடித்த மாவீரனைப் புகழ்ந்து எழுதுவார். மதியம் அதே மேசையில் உட்கார்ந்து, தம்முடைய முயலைப் பிடித்தவனைச் சிறைக்கு அனுப்புவார். பேனாவைக்கூட மாற்ற மாட்டார்.

அந்த வருஷம் பெந்தெகொஸ்தே பண்டிகைக்கு முந்தின வெள்ளிக்கிழமை, அந்தப் பேனா ஜேபஸ் ரவுஸ் என்பவன் தலையில் இறங்கியது. ஜேபஸ் வேலிப் படல் முடைகிறவன். அதிர்ந்து பேசாதவன். அவன் கொல்லையை ஒட்டிய துரையின் மான் பண்ணை வேலி உடைந்து கிடந்தது. ஒரு மான் அந்த வழியாக வந்து அவனுடைய அவரைக் கொல்லையை மேய்ந்தது. விரட்டினான், போனது, மறுபடி வந்தது. மூன்றாம் முறை மண்வெட்டியை எடுத்தான். அடித்த பிறகு என்ன செய்வான்? சமைத்தான். வாசனை மான் பண்ணைக் காவல்காரனின் மூக்கு வரைக்கும் போயிற்று.

"நாட்டிங்ஹாம் சிறைக்கு அனுப்பு" என்று துரை கையெழுத்துப் போட்டார். அங்கே போனவனைக் கப்பலேற்றி உலகத்தின் மறுகோடிக்கு அனுப்புவார்கள். போனவர்கள் யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. நாட்டிங்ஹாமுக்கு வண்டி கிடைக்கும்வரை அவனை எங்கள் ஊர்க் கொட்டடியில் போட்டார்கள். சாலை ஓரத்தில் உருண்டையாக ஒரு கல் அறை, அதற்கு ஒரு கதவு, அவ்வளவுதான்.

ஜேபஸின் மனைவி கெசாயா மறுநாள் மதுக்கடைக்கு ஓடினாள். அவள் அங்கே ஓடியதற்குக் காரணம் எங்கள் ஊர் வழக்கம். பெந்தெகொஸ்தே திங்கட்கிழமை ஊரில் ஒருவர் பச்சைச் சட்டை போட்டுக் காட்டுக் கள்ளனாக வேஷம் கட்டுவார். வெளியூரிலிருந்து வருகிற வண்டிகளை மறித்துக் கோயிலுக்குக் காசு கேட்பார். கடைசியில் கொட்டடிக்குப் போவார். ஊர்க் காவலன் சாவி கொடுப்பான். கதவைத் திறந்தால் உள்ளிருந்து 'சிறைப்பட்ட தோழன்' வெளியே வருவான். அவனை மேளதாளத்தோடு ஊர் எல்லைக்கல் வரைக்கும் கொண்டுபோய் விடுவோம். பச்சைச் சட்டை திறந்த கதவைச் சூரியன் விழும்வரை யாரும் சாத்தக் கூடாது, வெளியே வந்தவனை யாரும் தொடக் கூடாது. மற்ற வருஷங்களில் உள்ளே இருப்பது நாவிதர்தான், கையில் ஒரு குடம் பீரோடு.

வழக்கமாகப் பச்சைச் சட்டை போடுகிறவர் கொல்லர் அம்புரோஸ். கெசாயா அவர் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணே, திங்கக்கெழம கதவத் தொறக்கப் போறது நீதான?"

"இந்த வருசம் கதவு வேணாம்னு பேசியிருக்கோம் கெசாயா."

"ஏன்?"

"உள்ள நெசமாவே ஒருத்தன் இருக்கானே."

"அதுக்குத்தான் தொறக்கச் சொல்றேன்."

"தொறந்தா என்னையும் அவன் கூடவே கப்பலேத்திருவாங்கம்மா. எனக்குக் கடலு ஒத்துக்காது."

கடையில் இருந்த அத்தனை பேரும் அவரவர் குவளைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்கள். வருஷம் முழுக்கக் கொள்ளைக்காரன் பேரைச் சொல்லிக் குவளையை உயர்த்துகிற சூரர்கள் இவர்கள்.

"வேசம் கட்ட மட்டும் மீசைய முறுக்கிட்டு வர்றீங்க. மானம் கெட்ட பயலுவளா" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை துரையின் மாளிகைக்குப் போனாள். துரை தம் புத்தகத்தின் புதுப் பதிப்புக்காக அச்சிலிருந்து வந்த தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார்.

"தொர, வேலி உங்க வேலி. ஒடஞ்சு கெடக்குன்னு பனிக்காலத்துலயே வந்து சொன்னோம்."

"மானுக்குச் சட்டம் தெரியாதும்மா. உன் புருஷனுக்குத் தெரியும்."

"உங்க பொஸ்தகத்துல மான் அடிச்சவன வீரன்னு எழுதியிருக்கீங்களாம். எல்லாரும் சொல்றாங்க."

"அவர் பிரபு. வேட்டை அவருக்கு ரத்தத்தில வந்தது. உன் புருஷன் மண்வெட்டியால அடிச்சிருக்கான். மண்வெட்டி!"

"அப்ப வில்லால அடிச்சிருந்தா விட்டிருப்பீங்களா?"

துரை பேனாவைக் கீழே வைத்து நிஜமாகவே யோசித்தார். "நல்ல கேள்வி. அடுத்த பதிப்பில சேர்க்கணும்" என்றார்.

கெசாயா அழ ஆரம்பித்தாள். துரை அதைக் கவனிக்கவில்லை. நாளைக்கு லண்டனிலிருந்து புத்தகக்காரர் வருகிறார், கூடவே படம் வரைகிறவரும் வருகிறார், புத்தகத்தின் முகப்புக்குப் படம் வேண்டும், அதனால் இந்த வருஷம் பச்சைச் சட்டையைத் தாமே போடப் போவதாகச் சொல்லிக்கொண்டே போனார். "அந்தக் கொல்லன் போட்டா கொல்லன் மாதிரிதான் இருக்கு" என்றார். பிறகுதான் அவள் அழுவதைப் பார்த்து, ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "உன் புருஷன் இந்நேரம் நாட்டிங்ஹாம்ல பத்திரமா இருப்பான். அழாதே, போ" என்றார்.

அவள் அழுகை அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

பெந்தெகொஸ்தே சனிக்கிழமை தொடங்கிச் செவ்வாய் விடியும்வரை எங்கள் ஊரில் எவனும் வண்டி பூட்ட மாட்டான். மனிதருக்குப் பண்டிகை என்றால் குதிரைக்கும் பண்டிகை. தொட்டில் பிள்ளைக்கும் இது தெரியும். துரைக்குத் தெரியாது. கையெழுத்துப் போட்டுவிட்டால் காகிதத்தில் இருப்பவன் தானாகவே நடந்து சிறைக்குப் போய்விடுவான் என்பது அவர் எண்ணம். காட்டுக் கள்ளனின் செருப்பு எந்தத் தோலில் தைத்தது என்று தனியாக ஓர் அத்தியாயம் எழுதியவர் அவர். தாம் சிறையில் போட்டவன் எங்கே கிடக்கிறான் என்று ஒரு வார்த்தை விசாரித்ததில்லை.

"தொர, கதவு தொறக்குற கட்டத்த விட்டுறாதீங்க. அம்புரோசு அண்ணன் இந்த வருசம் வேணாம்னுட்டாரு. அது இல்லேன்னா லண்டன்காரங்க சிரிப்பாங்க" என்றாள் கெசாயா.

"வேணாம்னானா? பழைய மரபு அது! கொல்லனுக்கு என்ன தெரியும்?"

அங்கிருந்து அவள் நேராக ஊர்க் காவலன் ஏனோக்கின் வீட்டுக்குப் போனாள். அவர் செருப்பு தைக்கிறவர். காவலன் வேலை முறை வைத்து வருவதால் அந்த வருஷம் அவர் தலையில் விழுந்திருந்தது.

"மாமா, தொர சாவி கேட்டா குடுக்க மாட்டேன்னு சொல்லுவியா?"

"தொர கேட்டா எப்படிம்மா மாட்டேன்னு சொல்றது?"

"அது போதும் மாமா."

ஏனோக் ஊசியை நிறுத்தி நிமிர்ந்தார். "அடிப்பாவி" என்று சொல்லிவிட்டு, செருப்பைத் தைக்கக் குனிந்துகொண்டார்.

திங்கட்கிழமை வெயில் நன்றாக அடித்தது. துரை வந்தார். வெல்வெட்டில் பச்சைச் சட்டை. தொப்பியில் இருந்த இறகு பின்னால் வந்தவர் மூக்கில் குத்தியது. வில்லுக்கு நாண் பூட்டத் தெரியாமல் அம்புரோஸிடம் நீட்டினார். லண்டன் புத்தகக்காரர் பில்பீம் என்பவர் சிவந்த கழுத்தோடு கூடவே ஓடினார். துரை இருமினாலும் "அற்புதம், அற்புதம்" என்றார். படம் வரைகிறவர் மூச்சுவிடாமல் வரைந்துகொண்டிருந்தார்.

துரை வண்டிகளை மறித்தார். பணக்காரரிடம் பறித்து ஏழைக்குக் கொடுப்பதுதானே வேஷம்? பணக்காரர்களின் வண்டி வந்தபோது தொப்பியைத் தொட்டு வழிவிட்டார், எல்லோரும் அவர் வீட்டு விருந்துக்கு வருகிறவர்கள். முட்டைக்காரியை மட்டும் நன்றாக மறித்தார்.

"தொர, போன வாரந்தான் உங்களுக்குக் குத்தகை கட்டினேன். இன்னைக்கு வேசம் போட்டு வேற வாங்குறீங்களா? ஒரே வேசத்துல ரெண்டையும் வாங்கிக்கிட்டா எனக்கு நடை மிச்சம்" என்றாள் அவள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. தம் நடிப்புக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று துரை குனிந்து வணக்கம் வைத்தார்.

கொட்டடிக்கு வந்தோம். கூட்டம் சட்டென்று அடங்கியது. உள்ளே இருப்பது யார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், துரைக்கும் லண்டன்காரர் இருவருக்கும் மட்டும்தான் தெரியாது. ஏனோக் சாவியை நீட்டினார். துரை அதை வாங்கிக்கொண்டு, தம் புத்தகத்திலிருந்து மனப்பாடம் செய்த பேச்சை ஆரம்பித்தார். சுதந்திரம் என்றார். கொடுங்கோல் என்றார். மானும் காடும் எல்லா மனிதருக்கும் ஆண்டவன் கொடுத்தது என்றார். கெசாயா கூட்டத்தின் நடுவில் ஒரு மூட்டையை மார்போடு அணைத்தபடி நின்றாள். பேச்சு முடிவதாகத் தெரியவில்லை. இடையில் சந்தேகம் வந்து நிறுத்திவிடுவாரோ என்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் சாவியைப் போட்டுத் திருகினார். கதவு திறந்தது.

ஜேபஸ் வெளியே வந்தான். தலையெல்லாம் வைக்கோல், மூன்று நாள் தாடி, வெளிச்சத்துக்குக் கூசுகிற கண்.

"அடடா!" என்று கையைத் தட்டினார் பில்பீம். "என்ன வேஷம்! அந்த அழுக்கைப் பாருங்க! லண்டன் நாடகத்தில காசு கொடுத்தாலும் இப்படி ஒரு அழுக்கு கிடைக்காது!"

துரையின் முகம் மோர் மாதிரி வெளுத்துப் போயிற்று. "நீ... நீ நாட்டிங்ஹாம்ல இல்லையா?" என்று முணுமுணுத்தார்.

"இல்ல தொர. குதிரைக்கெல்லாம் பண்டிகையாம், வண்டி வரல."

துரை ஏனோக்கைப் பார்த்தார். ஏனோக் வானத்தைப் பார்த்தார். 'பிடியுங்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். துரையின் வாய் திறக்கத்தான் செய்தது. அப்போது பில்பீம் ஓடிவந்து, "அடுத்து என்ன? அடுத்து என்ன வரும்?" என்று துடித்தார்.

கெசாயா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "அடுத்தது, தொர அவரு கையப் புடிச்சு எல்லைக்கல்லு வரைக்கும் கூட்டிட்டுப் போவாருங்க. பொஸ்தகத்துலயே இருக்கு. இல்லீங்களா தொர?"

"கையைப் பிடிங்க சார்! அப்படியே நில்லுங்க, வரையறார்!" என்றார் பில்பீம்.

துரை ஒரு பக்கம் தம் சட்டத்தைப் பார்த்தார், இன்னொரு பக்கம் தம் படத்தைப் பார்த்தார். கண்ணுகளா, அவர் படத்தைத்தான் தேர்ந்தெடுத்தார். ஜேபஸின் அழுக்குக் கையைப் பிடித்துக்கொண்டு, தாடையை உயர்த்தி, இறகு காற்றில் ஆட நின்றார். அது முடியும்வரை அவர் காதோரம் வியர்வை வழிந்துகொண்டே இருந்தது.

பிறகு குழல் ஊதினார்கள், தப்பட்டை அடித்தார்கள். குவளைக்குள் தேடிய சூரர்கள் எல்லோரும் இப்போது முன்வரிசையில் நின்று கத்தினார்கள். அம்புரோஸ்தான் எல்லோருக்கும் மேலே கத்தினார். இப்போது பயமில்லையே, திறந்தது துரையல்லவா!

எல்லைக்கல் வந்ததும் ஜேபஸ் தன் கையை உருவிக் கால்சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டான். "வேலியச் சரி பண்ணுங்க தொர" என்றான். கெசாயா மூட்டையைத் தோளில் மாற்றிக்கொண்டாள். இருவரும் வடக்குச் சாலையில் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள். ஓடவில்லை. சூரியன் விழ இன்னும் நிறைய நேரம் இருந்தது.

பொழுது சாய்ந்த உடனே துரை மாளிகை வாசலில் ஏனோக்கைக் கூப்பிட்டு நிறுத்தினார். பச்சைச் சட்டையைக் கழற்றக்கூட இல்லை.

"கைதி தப்பிச்சிட்டான்னு போய்க் கூவு. பக்கத்து ஊருக்கெல்லாம் சொல்லு. பிடிக்கணும்."

"ஆகட்டும் தொர. ஆனா கூவும்போது எவன் தப்ப விட்டான்னும் சேத்துக் கூவணும். அதான் முறை."

"யாரோ திறந்துட்டாங்கன்னு சொல்லு."

"யாரோவா? ஊரே பாத்துச்சுங்களே. லண்டன்காரர் படமே வரஞ்சு வச்சிருக்காரு." ஏனோக் தொப்பியைக் கையில் சுற்றினார். "உங்க பேரச் சொல்லட்டுங்களா? இல்ல, அந்தக் கொள்ளக்காரன் பேரச் சொல்லட்டுங்களா?"

அதற்குள் விருந்து மேசையிலிருந்து பில்பீமின் குரல் வந்தது: "சார், உள்ளே வாங்க! சிறைக் கதவைத் திறக்கிற அத்தியாயத்தை உங்க குரல்ல ஒரு தடவை கேக்கணும், எல்லாரும் காத்திருக்கோம்!"

"நாளைக்குப் பார்க்கலாம்" என்றார் துரை ஏனோக்கிடம். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வாசிக்க உள்ளே போனார்.

மறுநாளும் அதையேதான் சொன்னார். அதற்குள் அவர்கள் இரண்டு பேரும் துரையின் கையெழுத்து செல்லாத யார்க்ஷயருக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.