மேடம் உட்கார்ந்த மூட்டை

தீதி, இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே. டெல்லியும் வேண்டாம், தையலும் வேண்டாம், திரும்பி வா என்பாள்.

என் அறைக்குக் கீழே இருக்கும் தனேஸ்வரி சாச்சியின் விரலில் மிஷின் ஊசி இறங்கியதைச் சொன்னேன் இல்லையா? ஆஸ்பத்திரிக்கு உதவி கேட்டுக் காண்ட்ராக்டர் முஸ்தகீமிடம் போனோம். நீங்கள் யார், என்னிடம் யாரும் வேலை செய்யவில்லையே என்றான். வாராவாரம் எங்கள் வாசலில் துணிமூட்டை இறக்குகிறவனே அவன்தான்.

அதன்பிறகுதான் வீட்டிலிருந்து தைக்கும் பெண்களுக்குச் சங்கத்தார் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போனேன். வீட்டிலிருந்து தைப்பவர்களின் பெயர் அரசாங்கப் பட்டியலில் ஏறிவிட்டால் அவன் அப்படிக் கைவிரிக்க முடியாதாம். ஒரு சந்துக்குப் பத்துப் பேராவது வேண்டும். எங்கள் சந்தில் பதினான்கு பேர். கணக்கெடுக்க ஆள் அனுப்பச் சொல்லி நான்கு முறை தொழிலாளர் அலுவலகத்துக்கு நடந்தேன். வீடு வீடாகப் போய், தைக்கிறோம் என்று தைரியமாகச் சொல்லுங்கள் என்று பழக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

செவ்வாய்க்கிழமை கணக்கெடுக்கும் மேடம் வந்தார். கையில் தடித்த பதிவேடு, கழுத்தில் அட்டை. சந்து முனையில் யாரோ கரண்ட் ஆபீஸ் ஆள் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டு மீட்டரில் மிஷின் ஓட்டுவது தெரிந்தால் கடை மீட்டர் மாட்டிப் பில்லை ஏற்றிவிடுவார்கள் என்ற பயம் இங்கே எல்லோருக்கும். வகுப்பில் மீட்டரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. தண்ணீர் லாரியில் பிடித்த குடத்தோடு நான் திரும்புவதற்குள் அத்தனை மிஷினும் கட்டிலுக்கடியில் போய்விட்டது.

கடைசி வீடு சாச்சியுடையது. நான் நுழைந்தபோது துணிமூட்டைமேல் போர்வையை விரித்து அதன்மேலேயே மேடத்தை உட்கார வைத்திருந்தாள்.

"வீட்டுல தையல் வேலை பாக்கறீங்களா?"

"இல்லீங்க மேடம். சமையல், பசங்க, அதுக்கே நேரம் போதல."

"விரல்ல என்ன கட்டு?"

"காய் நறுக்கும்போது வெட்டிக்கிட்டேன்."

நான் வாயைத் திறந்தேன். சாச்சி என் முதுகில் கிள்ளினாள்.

மேடம் கிளம்பியதும் பின்னாலேயே ஓடி உண்மையைச் சொன்னேன். அவர் பதிவேட்டைக் காட்டினார். வரிசையாக இல்லை, இல்லை, இல்லை.

"உன் பேரை எழுதிக்கறேன். இன்னும் ஒம்போது பேரைக் கூட்டிட்டு வா, இங்கயே நிக்கறேன்."

கதவு கதவாகத் தட்டினேன். இவர் மீட்டர் ஆள் இல்லை, நம் பட்டியலுக்கு வந்தவர் என்று தொண்டை வற்றச் சொன்னேன். யாரும் திறக்கவில்லை. கமர்ஜஹான் மட்டும் ஜன்னலைக் கொஞ்சம் நகர்த்தினாள்.

"மீட்டரை மாத்திட்டா பில்லை நீயா கட்டுவ? நேத்து வந்தவ நீ, நாளைக்கு ஊருக்குப் போயிடுவ."

கால்மணி நேரம் நின்றுவிட்டு மேடம் நடந்தார். அவர் சேலையின் பின்பக்கமெல்லாம் சாச்சி வீட்டுச் சிவப்பு நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன.

திரும்பி வந்தபோது சாச்சி மிஷினை வெளியே இழுத்துப் போட்டிருந்தாள். சாயங்காலம் முஸ்தகீம் வருவானே.

"இந்த நூலைக் கோத்துக் குடுடி. கட்டுப் போட்ட விரலால முடியல."

"காய் நறுக்கற கத்திக்கு எதுக்கு சாச்சி நூலு?"

அவள் நூல் முனையை நீட்டியபடியே இருந்தாள். நாக்கில் நனைத்துக் கோத்துக் கொடுத்துவிட்டு மாடிக்கு ஏறினேன். எனக்கும் ஐம்பது சட்டை மிச்சமிருந்தது.