தண்ணீர் குடித்து எல்லையை மூடியவன்

"ஒரே ஒரு ஜக் தண்ணி. அதைக் குடிச்சே ரெண்டு நாட்டையும் நிறுத்தினேன். மொம்பாசா துறைமுகத்துல கப்பல்காரன், லாரி எங்கே, லாரி எங்கேன்னு தலையில துண்டைப் போட்டுக்கிட்டு அழுதிருக்கான்."

ஓகுட்டு இதைச் சொல்லும்போதெல்லாம் கப்பல்காரனின் அழுகை கூடிக்கொண்டே போகும். மழைக்கு முன்னால் சொன்னபோது லேசாக விசும்பினான். இப்போது துண்டே நனைந்துவிட்டது.

எல்லைக் கேட் இன்னும் திறக்கவில்லை. கையால் சுற்றி ஓட்டும் மூன்றுசக்கர வண்டிகள் சுவரோரமாக வரிசையாக நின்றன. ஓகுட்டுவின் வண்டியில் உட்காரும் பலகைக்குக் கீழே சோப்புப் பெட்டிகள், முதுகுக்குப் பின்னால் சமையல் எண்ணெய் கேன்கள், மடியில் முட்டை அட்டைகள். கால் விளங்காதவனின் வண்டியை யாரும் ரொம்பக் குடைய மாட்டார்கள் என்பதால் வியாபாரிகள் அவர்களிடம் சரக்கைக் கொடுத்து அனுப்புவார்கள். வெயில் ஏறுமுன் ஒரு நடை, சாயங்காலத்துக்குள் இன்னும் சில நடை. அதுதான் பிழைப்பு.

"அன்னிக்குக் கம்ப்யூட்டர் படுத்துக்கிச்சு" என்றான் கேட் காவலாளி வண்டேரா. இடுப்பில் சாவிக் கொத்து தொங்கியது. "அதான் கேட்டை மூடினாங்க. நீ ஓரமாத் தூங்கிக்கிட்டு இருந்தே."

"தூங்குறவனுக்கா எரநூத்தி நாப்பது பிரஷர் காட்டும்?" என்றாள் பக்கத்து வண்டியிலிருந்த பாஸ்கலியா. சிறுவயதிலேயே போலியோவில் கால் சூம்பியவள். வாய் மட்டும் நாலு பேருக்கு ஆகும். "உன் பொண்டாட்டி பக்கத்துல படுத்தா ஒருவேளை காட்டும்."

வரிசை முழுக்கச் சிரித்தது. வண்டேரா சிரிக்கவில்லை. "நடக்காததை நடந்ததுன்னு எத்தனை தடவை சொன்னாலும் நடக்காததுதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

ஓகுட்டு முன்பு லாரியில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தவன். அவன் கணக்குப்படி, சோள மூட்டையை மூன்று மூன்றாகத் தூக்கி மேகத்துக்கு மேலே அடுக்கியவன். மேகத்திலிருந்துதான் விழுந்தானாம். விழுந்தது லாரியின் உச்சியிலிருந்துதான். மார்புக்குக் கீழே அன்று போன உணர்ச்சி திரும்பவில்லை. லாரி முதலாளி மருத்துவமனைக்கு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். போகும்போது தானே இரண்டைத் தின்றுவிட்டுப் போனார். அத்தோடு சரி.

கால் போனதைவிடப் பெரிய தொல்லை மூத்திரம். நிறைந்தது தெரியாது, தானாக இறங்கவும் இறங்காது. வேளைக்கு வேளை கையைக் கழுவிக்கொண்டு, சுத்தமான டியூப்பை உள்ளே விட்டு இறக்கவேண்டும். கேட்டில் அதற்கு ஒரு கழிப்பறை உண்டு. வழவழ ஓடு, குழாய், கண்ணாடி எல்லாம் உண்டு. வாசலில் மூன்று படியும் கதவில் ஒரு பூட்டும் உண்டு. ஒருதடவை திறந்திருந்தபோது ஓகுட்டு தவழ்ந்து ஏறிப் போனான். குழாய் எட்டாமல், தரையில் ஊன்றிய அதே கையால் டியூப்பைப் போட்டான். காய்ச்சலில் கிடந்து, ரத்தமாகப் போய், பிழைத்ததே பெரிது.

ஆகவே எல்லா வண்டிக்காரர்களும் செய்ததையே அவனும் செய்தான். விடிந்ததிலிருந்து வீடு திரும்பும்வரை தண்ணீரைத் தொடுவதில்லை. உதடு வெடிக்கும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பாஸ்கலியா மாம்பழக் கொட்டையை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டே பாலம் தாண்டுவாள்.

கேட் ஓரத்துச் சுகாதார அறையில் அப்போது இருந்த நர்ஸ் நெகேசாதான் அவனைப் பிடித்துக்கொண்டாள். "உன் சிறுநீரகம் ரெண்டும் காஞ்ச கருவாடாப் போகுதுடா" என்றாள். "கல்லு கட்டிருக்கு. கீழ இறங்க வேண்டிய மூத்திரம் மேல ஏறுது. தண்ணி குடி. நிறையக் குடி. நிறைஞ்சா உடனே எடுத்துடு. எடுக்காம விட்டேன்னா, உன் ஒடம்புக்கு வேற மாதிரிச் சொல்லத் தெரியாது. பிரஷரை ஏத்தித்தான் கத்தும். தலைக்குள்ள நரம்பு வெடிச்சா நான் வந்தும் பிரயோஜனம் இல்ல."

"என் பிரஷர் தொண்ணூறுதானே சிஸ்டர். கொழந்தைப் பிள்ளை மாதிரி இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க."

"அந்தக் கொழந்தைக்குக் கோவம் வந்து நீ பாத்ததில்ல."

மறுநாள் அவன் நல்ல பிள்ளையாக ஒரு ஜக் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். அன்றைக்குத்தான் அது நடந்தது.

உச்சி வெயிலில் கழிப்பறைக்குப் போனால் பூட்டு. வண்டேராவிடம் கேட்டான்.

"வண்டிச் சக்கரத்துச் சேறெல்லாம் ஓட்டுல ஒட்டுதாம். உங்க ஆளுங்களுக்குத் திறக்கக் கூடாதுன்னு மேல உத்தரவு."

"நான் வண்டியை உள்ள கொண்டு வரலண்ணே. ரெண்டு பேரு தூக்கி விட்டாப் போதும்."

"உத்தரவு தம்பி. நான் என்ன பண்ண?"

ஓகுட்டு வரிசைக்குத் திரும்பினான். கேட்டின் நடு வாய்க்கு வரும்போது பிடரியில் யாரோ உலக்கையால் இடிப்பதுபோல் இருந்தது. மூக்கு அடைத்தது. கழுத்துக்கு மேலே வியர்வை கொட்டியது. வெயிலில் கை மயிர் சிலிர்த்து நின்றது. கண்ணுக்கு முன்னால் லாரிகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. கைப்பிடி நழுவி வண்டி குறுக்கே திரும்பி நின்றது. கேட்டின் இரண்டு கம்பங்களுக்கும் நடுவில், தாழ்ப்பாள் போட்டதுபோல.

லாரிகள் ஹாரன் அடித்தன. நெகேசா பிரஷர் மிஷினைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். பட்டையைக் கையில் சுற்றினாள். இருநூற்று நாற்பது. நம்பாமல் மறுபடி சுற்றினாள். மிஷின் எண்ணே காட்டாமல் கோடு போட்டுவிட்டு அணைந்தது. பயந்துபோய் அது நர்ஸின் மடிக்குள் ஒளிந்துகொண்டது என்பான் ஓகுட்டு.

"சாவியைக் குடு" என்று வண்டேராவைப் பார்த்துக் கத்தினாள். "அவன் செத்துருவான்."

"மேல கேட்டுட்டு வரேன் சிஸ்டர்."

"கேட்டுட்டு வர்றதுக்குள்ள பொணத்தைத்தான் தூக்கணும்."

அவன் நின்ற இடத்திலேயே நின்றான். கை சாவியின் மேல் இருந்தது.

நெகேசா சீருடைக்கு மேல் இடுப்பில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். வெள்ளைச் சீருடையோடு நின்றுகொண்டு துணியை வீசினாள். பாஸ்கலியாவும் இன்னும் இரண்டு வண்டிக்காரர்களும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, வண்டிகளைச் சுற்றி நிறுத்தித் திரை கட்டினார்கள். நட்ட நடுக் கேட்டில், இரண்டு நாட்டு லாரிக்காரர்களும் எட்டிப் பார்க்க, நாலு பேர் கைபேசியை உயர்த்திப் படம் பிடிக்க, அவனுடைய கால்சட்டையைத் தளர்த்தி டியூப்பை விட்டாள். காலி எண்ணெய் கேன் ஒன்று பாதி நிறைந்தது. உலக்கை நின்றது. மற்றொரு மிஷினைக் கொண்டுவந்து பார்த்தபோது தொண்ணூற்று எட்டு.

"மாத்திரை குடுக்கலையா?" என்று ஒரு லாரிக்காரன் கேட்டான்.

"கதவைத் திறந்திருந்தா இது எதுவுமே தேவையில்ல" என்றாள் நெகேசா, கையைத் துடைத்தபடி.

அதற்குள் ஒரு பக்கம் கம்பாலா வரை, மறுபக்கம் மொம்பாசா வரை லாரி நின்றது என்பது ஓகுட்டுவின் கணக்கு. காத்திருந்த நேரத்தில் ஒரு லாரி ஓட்டுநருக்குக் கல்யாணம் ஆகிப் பிள்ளையும் பிறந்ததாம். பெட்ரோல் பங்க் வரை நின்றது என்பதை அவனுடைய எதிரிகூட மறுக்க முடியாது.

ஆனால் மறுத்தார்கள். படம் பிடித்தவர்கள் லாரியோடு போயே போய்விட்டார்கள். கம்ப்யூட்டர் பழுது என்று மேலே சொல்லியாயிற்று. நெகேசாவை ஏரிக்கரை ஊர் ஒன்றுக்கு மாற்றினார்கள். கழிப்பறை பூட்டியே இருந்தது. ஓகுட்டு மறுபடி தண்ணீரை நிறுத்தினான். போன மாதம் மாவட்ட மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தபோது இடது சிறுநீரகம் நீர்கோத்து வீங்கிக் கிடந்தது. "ஒண்ணு போச்சுன்னே வெச்சுக்க. இன்னொண்ணையும் அந்தக் கேட்டுல குடுத்துட்டு வராதே" என்றார் டாக்டர்.

அதற்காகத்தான் இன்று வண்டிக்காரர்கள் எல்லோரும் புது மேலாளர் முலாமாவைப் பார்க்க வந்தார்கள். படிக்குப் பதில் ஒரு சரிவு, கதவுக்கு ஒரு சாவி, இரண்டே கோரிக்கை. அலுவலகத்துக்கும் அதே மாதிரி மூன்று படி. அதனால் அவர்கள் கீழே வெயிலில் நின்றார்கள். முலாமா மேலே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பக்கத்து முக்காலியில் தண்ணீர் பாட்டில்கள்.

"மூத்திரம் அடைச்சாப் பிரஷர் ஏறி ஆள் சாவானா?" அவர் சிரித்தார். "எனக்கும்தான் பிரஷர் இருக்கு. டாக்டர் உப்பைக் குறைன்னாரு. நீ என்ன தின்னே, கருவாடா?"

"முதுகு ஒடஞ்சவன் பிரஷர் வேற பாஸ்" என்றான் ஓகுட்டு. "அன்னிக்கு இந்தக் கேட்டே பாத்துச்சு."

"அப்படி ஒண்ணும் நடக்கலைன்னுதானே எனக்குச் சொன்னாங்க. இல்ல வண்டேரா?"

வண்டேரா தரையைப் பார்த்தான். "கம்ப்யூட்டர் சார்."

"நாங்க பாத்தோம்" என்றாள் பாஸ்கலியா. "துணியைப் பிடிச்சுக்கிட்டு நின்னதே நான்தான்."

"நீங்க எல்லாரும் ஒரே கூட்டம்மா." அவர் ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினார். "இந்தாப்பா. தண்ணி குடிச்சா ரெண்டு நாடு நிக்குமாமே. குடி, பாப்போம்."

ஓகுட்டு பாட்டிலை வாங்கினான்.

"டேய், வேணாம்டா" என்றாள் பாஸ்கலியா தணிந்த குரலில். "விடிகாலைல இருந்து நீ டியூப் போடல."

"பாக்கணும்னு ஆசைப்படுறாரு. பாக்கட்டும்."

அவன் குடித்தான். முதல் பாட்டில் காலியானது. முலாமா இரண்டாவதைத் தானே இறங்கிவந்து கொடுத்துவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். அதையும் குடிக்கத் தொடங்கினான். நேரம் போனது. வெயில் நகர்ந்து முட்டை அட்டைகளின் மேல் ஏறியது.

முலாமா எழுந்து சோம்பல் முறித்தார். "இதோ வந்துடறேன். வண்டேரா, சாவி."

வண்டேரா இடுப்பிலிருந்து கொத்தைக் கழற்றிக் கொடுத்தான். முலாமா இறங்கிப் போய், கழிப்பறையின் மூன்று படியை இரண்டே எட்டில் ஏறிக் கதவைத் திறந்து உள்ளே போனார். கதவைச் சரியாகச் சாத்தவில்லை. அவர் நின்று மூத்திரம் போகிற சத்தம் முற்றம் முழுக்கக் கேட்டது. பிறகு தண்ணீர் இறங்கும் சத்தம், பிறகு குழாய், பிறகு அவர் ஏதோ பாட்டை முணுமுணுப்பது.

ஓகுட்டுவின் நெற்றியில் வியர்வை கட்டியிருந்தது. பாட்டிலைப் பிடித்த கையில் மயிர் ஒவ்வொன்றாக எழுந்து நின்றது. அவன் சிரிக்க முயன்றான். வாய் ஒரு பக்கம்தான் போனது.

முலாமா கைக்குட்டையில் கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். கதவைப் பூட்டினார். பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

"என்னப்பா, இன்னும் லாரியெல்லாம் ஓடுதே?"

வண்டேரா அலுவலகப் படியிறங்கி வந்தான். ஓகுட்டுவின் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கிக் கீழே கவிழ்த்தான். தண்ணீர் மண்ணில் ஓடியது. பிறகு மேலே நின்ற முலாமாவின் பக்கம் திரும்பி, சாவிக்காகக் கையை நீட்டினான்.

"கம்ப்யூட்டர் ஒண்ணும் படுக்கல சார்" என்றான். "இவன் சொல்றதெல்லாம் நடந்துச்சு. சிஸ்டர் கேட்டப்போ சாவி என் கையிலதான் இருந்துச்சு."