தையலுக்கு விட்ட இரண்டு அங்குலம்

கடனை அடைக்க, வந்த விலைக்கு ஒரே வாரத்தில் வீட்டைத் தள்ளிவிட்டார் தையல்காரர். மிச்சப் பணத்தில் வாங்க முடிந்தது ஒற்றை அறை வீடுதான். "என் பீரோ நுழையாத வீட்டுக்கு நானும் வரமாட்டேன்" என்று மனைவி கறாராகச் சொல்லியிருந்தாள்.

அதனால் வாங்கும் முன்பே பீரோவுக்கான மூலையை அவரே அளந்து நோட்டில் எழுதினார்: நாற்பத்து மூன்று அங்குலம். மரப் பீரோ நாற்பத்திரண்டுதான். ஆனாலும் குடிவந்த இன்று அது நுழைய மறுத்தது. மூலையை மறுபடி அளந்தார். நாற்பத்தொன்று!

"ஏம்மா, சுவர் சுருங்குமா?"

"அது என்ன, துவைச்ச துணியா?" நோட்டைப் பார்த்தாள். "சட்டைத் துணிக்கு அளவு எப்படி எழுதுவீங்க?"

"தையலுக்கு ரெண்டு அங்குலம் சேர்த்து…" நோட்டைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பீரோவின் இரு பக்கமும் ஒட்டியிருந்த அலங்காரச் சட்டங்களைத் தட்டினாள். "ஊருக்கெல்லாம் லூசான சட்டையைப் பிடிச்சுத் தர்றீங்க. இதையும் பக்கத்துக்கு ஒரு அங்குலம் பிடிச்சிடுங்க. தச்சரைக் கூப்பிடுங்க."

உற்சாகமாக அவர் டேப்பை நீட்டினார். அவள் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"அளவு நான் எடுக்கறேன்."